குப்பைத் தராசின் கொக்கியை இறக்கித் தரக் கோரி

அனுப்புநர்:
பழைய பேப்பர், பழைய இரும்பு எடைக்கு எடுக்கும் கடையின் உரிமையாளர்,
பள்ளியின் பின்சந்து.
(எடைக்கடைக்காரர் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள்.)

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், முதல் மாடி.

பொருள்: பள்ளி மாணவர்களின் கழிவுத் தணிக்கைப் பதிவேட்டில் முப்பத்தொன்றாம் தாள் கிழிக்கப்பட்டது – துப்புரவுப் பணியாளரான என் மனைவிக்கு ஊசி குத்தியது மறைக்கப்பட்டது – உண்மையைப் பதிவு செய்யவும், இன்னொருவருக்கு இது நேராமல் தடுக்கவும் வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தலைமையாசிரியருக்கு நான் கொடுத்த புகாரும், அதற்கு அவர் தந்த பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அலமாரியில், கேடயங்களுக்கு நடுவே, பச்சை அட்டை போட்ட நீளமான பதிவேடு ஒன்று இருக்கிறது. தங்களைப் பார்க்க வந்து பார்க்க முடியாமல் திரும்பிய இரண்டு நாட்களிலும் கதவு இடுக்கு வழியாக அதைப் பார்த்தேன். இந்த மனுவைப் படிக்கும்போது அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்லப்போவதில் பாதிக்குச் சாட்சி அதுதான்.

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக எடைக்கடை நடத்துகிறேன். என் மனைவி அந்தப் பள்ளியில் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகத் துப்புரவுப் பணியாளர். எங்கள் ஒரே மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். தணிக்கை தொடங்கியபோது ஒன்பதாம் வகுப்பு, இப்போது பத்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் குப்பையோடுதான் வேலை. ஒருத்தி கூட்டுவாள், ஒருவன் நிறுப்பான், ஒருத்தி எழுதுவாள். இதில் எங்களுக்கு ஒரு நாளும் வெட்கம் இருந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு விதமாகப் பேசப்பட்டது.

2. கழிவுத் தணிக்கையை ஆரம்பித்தவர் அறிவியல் ஆசிரியை. நடத்தியவர்கள் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பதினான்கு வகுப்புகளின் குப்பைக் கூடைகளும், ஆசிரியர் அறைக் கூடையும், அலுவலகக் கூடையும் சைக்கிள் கொட்டகைக்கு வரும். தார்ப்பாயில் கொட்டி, இடுக்கியால் பிரித்து, காகிதம் இவ்வளவு, மிச்சச் சாப்பாடு இவ்வளவு, பிளாஸ்டிக் இவ்வளவு என்று நிறுத்து எழுதுவார்கள். முதல் வாரம் முதலிடம் பிடித்தது எந்த வகுப்பும் அல்ல, ஆசிரியர் அறை. டீ குடித்த பேப்பர் கப்பு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு. ஆசிரியை சிரித்துவிட்டு அதையும் எழுதச் சொன்னார். இரண்டாம் மாதம் ஆசிரியர்கள் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டு வந்தார்கள். மதியச் சாப்பாட்டை முதலில் பாதியளவு வாங்கி, போதாவிட்டால் மறுபடி வாங்குவது என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். கொட்டும் சோறு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பாடப்புத்தகத்தில் இரண்டு பக்கம் படித்துப் பரீட்சையோடு மறந்துபோகிற விஷயம், அந்தத் தார்ப்பாயில் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பிள்ளைகள் குப்பையைக் குனிந்து பார்க்கிறார்கள் என்பதில் என்னைப்போல் சந்தோஷப்பட்டவன் எங்கள் ஊரில் இருந்திருக்க மாட்டான். எனவே இந்த மனு தணிக்கைக்கு எதிரானது என்று யாரேனும் தங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம்.

3. தராசு என்னுடையது. பிள்ளைகள் கேட்டதும் கடையில் உபரியாக இருந்த தொங்கு தராசை எடுத்துக்கொண்டு போய், கொட்டகையின் இரண்டு தூண்களுக்கு இடையே இரும்புக் குழாய் பொருத்தி, அதில் மாட்டினேன். கையால் ஒரு சாக்கைக் கொக்கியில் கோத்துப் பார்த்தேன். வசதியாக இருந்தது. எனக்கு வசதியாக இருந்தது. என் உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. என் மனைவி ஐந்தடி கூட இல்லை. மாணவர்கள் சாக்கைத் தூக்கக் கூடாது, பணியாளர்தான் தூக்க வேண்டும் என்பது தணிக்கையின் விதி. இதை இங்கே எழுதி வைக்கிறேன். பின்னால் மறுபடியும் வருவேன்.

4. முதல் ஆறு மாதம் வெள்ளிக்கிழமைக் கூடைகளை மட்டுமே நிறுத்தார்கள். சின்னக் கூடைகள், பிரச்சினை இல்லை. பிறகு என் மகள் ஒரு கேள்வி கேட்டாள். வெள்ளிக்கிழமை நிறுத்த குப்பை பள்ளியின் பின்புறப் பெரிய தொட்டிக்குப் போகிறது. திங்கட்கிழமை காலை என் மனைவி அதைச் சாக்குகளில் அள்ளிக் கட்டி லாரிக்குத் தருகிறாள். போட்டதும் எடுத்ததும் ஒன்றுதானா என்று நிறுத்துப் பார்க்க வேண்டாமா என்றாள். ஆசிரியை ஒப்புக்கொண்டார். இருபத்தைந்தாம் தாளிலிருந்து திங்கட்கிழமைச் சாக்குகளும் தராசுக்கு வந்தன. பிள்ளைகள் அரை மணி முன்னதாக வந்தார்கள்.

இரண்டு நாளில் ஈரம் காய்ந்து எடை குறைய வேண்டும். எடைக்கடைக்காரன் சொல்கிறேன், குறையத்தான் வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூடியது. நாலு கிலோ, ஐந்து கிலோ, ஒரு வாரம் ஏழு. சனி, ஞாயிறு பள்ளி பூட்டியிருக்கிறது. "குப்பை குட்டி போட்டிருக்குடி" என்று ஒரு பையன் சொன்னானாம். என் மகள் வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அம்மாவும் சிரித்தாள்.

5. முப்பத்தொன்றாம் வாரத் திங்கட்கிழமை பிள்ளைகள் சாக்கை அவிழ்த்தார்கள். அடியில் கறுப்பு உறைகள் இருந்தன. அவற்றுக்குள் ரத்தம் தோய்ந்த பஞ்சு, குளுக்கோஸ் ஏற்றும் டியூப்புகள், மூடியில்லாத ஊசியோடு சிரிஞ்சுகள் இருபத்தாறு. பெரிய தொட்டி எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறதோ, அந்தச் சுவருக்கு மறுபுறம் தனியார் மருத்துவமனை ஒன்றின் பின்வாசல். உறைகளில் இரண்டில் அந்த மருத்துவமனையின் பெயர் அச்சாகியிருந்தது. அதன் மருத்துவர் பள்ளி வளர்ச்சிக் குழுவின் தலைவர். தணிக்கைப் பிள்ளைகள் அணியும் கையுறையும் முகக்கவசமும் அவர் அன்பளிப்பு. பிள்ளைகளுக்கு மட்டும் அன்பளிப்பு. என் மனைவிக்குக் கையுறை இல்லை என்பதையும் அன்றே என் மகள் எழுதினாள்: மாணவர் கையுறை இருபத்துநான்கு ஜோடி, பணியாளர் கையுறை இல்லை.

அந்தத் தாளை ஆசிரியை தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் படித்துவிட்டுச் சொன்னது இது: "இது நம்ம ஸ்கூல் குப்பை இல்லையே டீச்சர். நம்ம குப்பை இல்லாதது நம்ம தணிக்கையில எதுக்கு வரணும்?" மறுநாள் பதிவேட்டில் அந்தத் தாள் இல்லை. பசுமைப் பள்ளி விருதுக்கு விண்ணப்பம் போக வேண்டிய வாரம் அது. விருது விண்ணப்பத்தில் பள்ளியை விட்டு வெளியேறும் குப்பையின் எடையை எழுத ஒரு கட்டம் உண்டாம். ஆகவே உத்தரவு இப்படி வந்தது: திங்கட்கிழமை எடை போடலாம், சாக்கை அவிழ்க்கக் கூடாது.

6. தாளைக் கிழித்தவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. என் கடையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு தாள் முடிந்ததும் இதுவரை சேர்ந்த மொத்தக் கிலோவை அடியில் எழுதி, உடனே திருப்பி, அடுத்த தாளின் தலையிலும் அதே எண்ணை எழுதிவிட வேண்டும். அப்புறம் எழுதலாம் என்று வைத்தால் மறந்துபோகும். என் மகள் அதைப் பார்த்து வளர்ந்தவள். பதிவேட்டில் தாளின் ஒரு புறம்தான் எழுதுவார்கள், எண்ணும் தாளுக்குத்தான்.

ஐயா, தயவுசெய்து இப்போது பதிவேட்டைத் திறந்து பாருங்கள். முப்பதாம் தாளின் அடியில் மொத்தம் 1,184.2 கிலோ. முப்பத்தொன்று இல்லை, கிழிந்த ஓரம் மட்டும் தையலில் நிற்கிறது. முப்பத்திரண்டாம் தாளின் தலையில் 1,231.6 கிலோ. இடையில் நாற்பத்தேழு கிலோவும் சொச்சமும் எங்கே போயிற்று? மை கொட்டிய வெற்றுத்தாள் என்பதால் அகற்றினோம் என்று தலைமையாசிரியர் எனக்கு எழுத்தில் பதில் தந்திருக்கிறார். நான் காகிதத்தை நிறுத்தே பிழைக்கிறவன். வெற்றுத்தாள் நாற்பத்தேழு கிலோ எடை இருக்காது.

7. பிள்ளைகள் சாக்கை அவிழ்த்ததிலிருந்து பதினைந்தாம் நாள், திங்கட்கிழமை காலை ஏழே முக்கால் மணிக்கு, அவிழ்க்காத சாக்கை என் மனைவி கொக்கியில் மாட்டத் தூக்கினாள். எப்படித் தூக்குவாள் என்று சொல்ல வேண்டும். கொக்கி எட்டாது. சாக்கை இரண்டு கையாலும் கட்டி அணைத்து, மார்போடு சேர்த்து, முகவாயை அதன் மேல் அழுத்தி, கால் விரலில் எம்பி மாட்டுவாள். குழந்தையைத் தூக்குவதுபோல என்று என் மகள் சொன்னாள். அன்று எம்பும்போது இடது முழங்கையின் உட்புறம் ஊசி இறங்கியது. சாக்கைக் கீழே போட்டுவிட்டாள். சாக்கின் பின்னலுக்கு வெளியே ஊசி முனை நீட்டிக்கொண்டிருந்ததை ஐந்து பிள்ளைகள் பார்த்தார்கள். என் மகள் இடுக்கியால் அதை உருவித் தன் தண்ணீர் பாட்டிலில் போட்டு மூடித் தலைமையாசிரியரிடம் கொடுத்தாள். அந்தப் பாட்டில் இன்றுவரை திரும்பவில்லை. புதுப் பாட்டில், அவளுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தது.

8. முதலுதவிக்கு என் மனைவியைச் சுவருக்கு மறுபுறம் இருந்த அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். காயத்தைத் துடைத்து, ஒட்டுப் போட்டு, டிடி ஊசி போட்டு, சீட்டில் "கண்ணாடிக் கீறல்" என்று எழுதி அனுப்பினார்கள். சீட்டை இணைத்துள்ளேன். கண்ணாடி கீறினால் கோடு விழும். அவள் கையில் இருந்தது ஒரு புள்ளி. சாதாரண ஆளான எனக்கே தெரிகிற வித்தியாசம் படித்த மருத்துவருக்குத் தெரியாமல் போகாது.

அந்தச் சீட்டு என்னையும் ஏமாற்றியது. அன்று சாயங்காலம் மகள் கடைக்கு ஓடிவந்து, "ஊசிப்பா. நான்தான் உருவினேன். வேற ஆஸ்பத்திரிக்குப் போகலாம்ப்பா" என்றாள். நான் சீட்டைக் காட்டி, "டாக்டரே கண்ணாடின்னு எழுதியிருக்காரு. உனக்கு அவரைவிட அதிகம் தெரியுமா?" என்று கேட்டேன். குத்திய ஒரு நாளுக்குள் தடுப்பூசியும், கூடவே எதிர்ப்பு மருந்து ஊசியும் போட்டிருந்தால் பெரும்பாலும் தப்பித்திருக்கலாம் என்று அரசு மருத்துவமனையில் பிற்பாடு சொன்னார்கள். அந்த ஒரு நாளை, அச்சடித்த தாளை நம்பி, பெற்ற மகளை நம்பாமல், நான் கைநழுவ விட்டேன்.

9. மூன்று வாரம் கழித்து விருது விழா. தாங்களே மேடைக்கு வந்து கேடயம் கொடுத்தீர்கள். பதிவேட்டை இரண்டு கையாலும் வாங்கி உயர்த்திக் காட்டினீர்கள். "இந்தப் பிள்ளைகள் எதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்" என்று பேசினீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்து நானும் கை தட்டினேன். என் மகள் குழுவோடு மேடையில் நின்றாள், அவள் தட்டவில்லை. மண்டபத்தை விடியலில் கூட்டித் துடைத்தது என் மனைவி. தங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. தங்களுக்குக் கொடுக்கப்பட்டதைத் தாங்கள் உயர்த்திக் காட்டினீர்கள். ஆனால் உயர்த்திக் காட்டியவர் ஒருமுறை புரட்டியும் பார்த்திருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

10. ஊசி குத்திப் பத்து வாரம் ஆனதும் என் மனைவி சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். வேலை அலுப்பு என்று நினைத்தோம். கண் மஞ்சளானது. அரசு மருத்துவமனையில் ரத்தத்தைச் சோதித்து, கல்லீரலைத் தாக்கும் பி வகைக் காமாலைக் கிருமி என்றார்கள். ஏதாவது ஊசி குத்தியதா என்றுதான் முதலில் கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் மகள் நாளையும் நேரத்தையும் சொன்னாள். பலருக்கு இது தானே குணமாகிவிடுமாம், சிலருக்குக் கல்லீரலைத் தின்றுவிடுமாம். இவளுக்கு இரண்டாவது. இன்று ஐம்பத்தோராவது நாள். வயிறு ஊதியிருக்கிறது. சில காலை வேளைகளில் நான் யார் என்று கேட்கிறாள், மதியத்துக்குள் அடையாளம் கண்டுகொள்கிறாள். மருத்துவர்கள் நாள் குறிப்பிட்டு எதுவும் சொல்வதில்லை. இரண்டு வாரம் பார்க்கலாம் என்று மூன்றாவது முறையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

11. இதற்கு நடுவே நான் கொடுத்த புகாருக்குத் தலைமையாசிரியர் தந்த பதிலில் மூன்று விஷயங்கள் உள்ளன. பள்ளிக் குப்பையில் ஒருபோதும் மருத்துவக் கழிவு இருந்ததில்லை என்பது ஒன்று. மை கொட்டிய வெற்றுத்தாள் கதை இன்னொன்று, அதை மேலே நிறுத்துக் காட்டிவிட்டேன். மூன்றாவது இப்படி இருக்கிறது: "பணியாளரின் கணவர் பழைய பொருள் வியாபாரம் செய்வதால் நோய் அவர் வீட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்புள்ளது. மாணவர் நலன் கருதிப் பணியாளர் விடுவிக்கப்பட்டார்."

அதாவது என் பிழைப்பே என் மனைவியைப் படுக்க வைத்ததாம். பத்தொன்பது ஆண்டில் மருத்துவக் கழிவு என்று ஒரு துண்டு என் வாசல் தாண்டியதில்லை. இருந்தாலும் சந்தேகம் தீரட்டும் என்று நானும் மகளும் ரத்தம் கொடுத்தோம். எங்கள் இருவருக்கும் அந்தக் கிருமி இல்லை. முடிவுகளை இணைத்துள்ளேன். கடைக்காரனை விட்டுவிட்டு, கடையில் கால் வைக்காதவளைத் தேடிப்போய்ப் பிடிக்கும் கிருமி எது என்று தலைமையாசிரியர்தான் விளக்க வேண்டும். இந்தப் பதில் வந்த பிறகு வகுப்பில் என் மகள் பக்கத்தில் இருவர் உட்காருவதில்லை. தணிக்கைக் குழுவிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். கிழிந்த முப்பத்தொன்றாம் தாளை அவள் நினைவிலிருந்து முழுதாக எழுதித் தந்திருக்கிறாள். இணைத்துள்ளேன், ஆனால் அது நினைவிலிருந்து எழுதியது என்பதையும் அவள் கேட்டுக்கொண்டபடி சொல்லிவிடுகிறேன். நிறுக்காமல் எழுதியதைச் சாட்சி என்று சொல்லக் கூடாதாம்.

12. பதிலை வாங்கிய அன்று பள்ளி அலுவலகத்தில் நான் சத்தம் போட்டேன். மேசையைத் தட்டினேன். கெட்ட வார்த்தை எதுவும் பேசவில்லை, ஆனால் பேச நினைத்தேன். அதன் பிறகு பள்ளி வளாகத்துக்குள் எனக்கு அனுமதி இல்லை.

இப்போது நான் அவசரமாக எழுதுவதற்குக் காரணம் வேறு. என் மனைவியின் இடத்தில் போன மாதம் ஒரு பெண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் இருக்கும். என் கடை வாசலிலிருந்து பின்கதவுக் கம்பி வழியாகக் கொட்டகை தெரியும். போன திங்கட்கிழமை பார்த்தேன். அதே தராசு, அதே குழாய், அதே உயரம். அவிழ்க்காத சாக்கை அந்தப் பெண் வெறுங்கையால் கட்டி அணைத்து, முகவாயை அழுத்தி, எம்புகிறாள். என் மனைவியைவிட நாலு விரல் குள்ளம். "அம்மா, கீழ போடுங்க, தொடாதீங்க" என்று கம்பியைப் பிடித்துக் கத்தினேன். காவலாளி வந்து என்னை விரட்டினார். அந்தப் பெண் பயந்துபோய் உள்ளே ஓடிவிட்டாள். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

13. மூன்றாம் பத்தியில் விட்ட இடத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை எடை தொடங்கிய முதல் வாரமே என் மகள் வந்து, "அம்மாவுக்குக் கொக்கி எட்டலப்பா, கட்டிப்பிடிச்சுத் தூக்குறாங்க" என்று சொன்னாள். "ஞாயித்துக்கிழமை வந்து இறக்கிடறேன்" என்றேன். என் மனைவி குறுக்கிட்டு, "அவரு தலை இருக்கிற இடத்துல காத்தே வேற. கீழ இருக்கிறவங்க கஷ்டம் அவருக்கு எங்க தெரியும்" என்று கேலி செய்தாள். மூவரும் சிரித்தோம். அந்த ஞாயிறு சரக்கு வந்தது. அடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு எதற்காகப் போகவில்லை என்று யோசித்துப் பார்த்தும் எனக்கு நினைவில்லை. இப்படி எட்டு ஞாயிற்றுக்கிழமைகள். இரண்டு போல்ட்டைக் கழற்றி, குழாயை ஒன்றரை அடி இறக்கி, மறுபடி முடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. கொக்கி அவள் மார்பளவில் இருந்திருந்தால் சாக்கைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி மாட்டியிருப்பாள். அணைத்திருக்க மாட்டாள்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டும் என்று நான் கேட்பது:

அ) பதிவேட்டின் முப்பதாம், முப்பத்திரண்டாம் தாள்களைப் பார்த்து, ஒரு தாள் கிழிக்கப்பட்டது என்பதைத் தங்கள் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஆ) ஏதேனும் ஒரு திங்கட்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல், காலை ஏழு மணிக்கு, லாரி வருவதற்கு முன், தங்கள் அலுவலர் ஒருவரை அனுப்பிப் பெரிய தொட்டியின் சாக்கை அவிழ்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். தடித்த கையுறையோடு வரச் சொல்லுங்கள்.

இ) என் மனைவிக்குப் பணியின்போது பள்ளி வளாகத்தில் ஊசி குத்தியது என்று பள்ளி ஆவணத்தில் எழுதப்பட வேண்டும். நோய் வீட்டிலிருந்து வந்தது என்ற வரி அடிக்கப்பட வேண்டும். இதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. காலையில் காட்டினால் புரியாது, மதியத்துக்கு மேல் காட்ட வேண்டும். அதற்கு எத்தனை மதியம் மிச்சம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஈ) தணிக்கையை நிறுத்தக் கூடாது. இது என் மகளின் கோரிக்கை. பிள்ளைகள் அவிழ்த்துப் பார்த்தவரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பார்க்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் ஆனது என்று எழுதச் சொன்னாள்.

உ) மூன்று பேர் மீது விசாரணை வேண்டும். சுவர் தாண்டி எறிய விட்டு, பிறகு கண்ணாடி என்று எழுதிய மருத்துவர் முதலாவது. தாளைக் கிழித்த தலைமையாசிரியர் இரண்டாவது. கொக்கியைத் தன் உயரத்துக்கு மாட்டிவிட்டு எட்டு வாரம் இறக்காமல் இருந்த, கையொப்பமிட்டுள்ள நான் மூன்றாவது. மற்ற இருவரும் என்ன சொல்வார்களோ தெரியாது. என் தரப்பில் மறுப்பு எதுவும் இல்லை.

ஊ) விசாரணைக்கு நாளாகும் என்று தெரியும். அதுவரை காத்திருக்க முடியாத ஒன்று மட்டும் உண்டு. வரும் திங்கட்கிழமைக்குள் அந்தக் கொக்கி இறங்க வேண்டும். எனக்கு ஒரே ஒருமுறை, காவலாளி பக்கத்தில் நின்றாலும் சரி, பத்து நிமிடம் உள்ளே போக அனுமதி கொடுங்கள். ஸ்பேனர் நானே கொண்டு வருகிறேன். யாரோடும் பேச மாட்டேன்.

மற்றவற்றில் தங்கள் முடிவு எதுவானாலும், இந்த ஒன்றையாவது தாமதிக்காமல் செய்து தருவீர்கள் என்று நம்பிக் கையொப்பமிடுகிறேன்.

இடம்: அரசு மருத்துவமனை, பெண்கள் வார்டு வராந்தா
நாள்: வியாழக்கிழமை, மதியம்

இப்படிக்கு,
(ஒப்பம்)
எடைக்கடைக்காரர்

இணைப்புகள்:
1. தலைமையாசிரியரின் பதில் – நகல்.
2. "கண்ணாடிக் கீறல்" என்ற மருத்துவமனைச் சீட்டு – அசல். தொலைத்துவிட வேண்டாம்.
3. என் மனைவி, நான், மகள் ஆகிய மூவரின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் – நகல்.
4. முப்பத்தொன்றாம் தாள், மகள் நினைவிலிருந்து எழுதியது.
5. நூல் ஒன்று. கொக்கி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கான அளவு. நேற்று மதியம் நினைவு தெளிந்திருந்தபோது என் மனைவியிடம் கேட்டு அளக்கப் போனேன். "எனக்கு எதுக்கு அளக்கறீங்க? இப்ப தூக்குற பொண்ணுக்கு அளங்க" என்றாள். ஆகவே அவளை அளந்து, அதிலிருந்து நாலு விரல் குறைத்து வெட்டியிருக்கிறேன். என்னை உள்ளே விடுவதில்லை என்று தாங்கள் முடிவு செய்தால், இந்த நூலை வைத்து வேறு யார் இறக்கினாலும் போதும்.